அண்ணி சாக்கடைக்குக் குறி வைத்தார்

ஜூன் 3, புதன்

ரத்த அழுத்தம் நூற்று அறுபது. மருத்துவர் மூன்று கட்டளைகள் இட்டார்: உப்பைக் குறை, தினமும் நட, மனதில் இருப்பதை எழுது. முதல் இரண்டும் என்னால் ஆகாது என்பதால் இந்த டைரி. காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்தெட்டு வருடம் பிறர் எழுதிக் கொடுத்த பொய்களைக் கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு என் பொய்களை நானே எழுதிப் படிக்க வேண்டும் போலிருக்கிறது.

இன்றைய செய்தி: என் மனைவி சுகந்தி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது கணுக்காலை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. வங்கி மேலாளர் அல்லவா, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே எனக்கு வேலைகளைப் பிரித்துக் கொடுத்தாள். கடைசி வேலை இது:

"புதன், வெள்ளி ரெண்டு நாளும் அக்காவ பௌலிங் கூட்டிட்டுப் போகணும். மறந்தீங்கன்னா கட்டு போட்ட காலாலயே உதைப்பேன்."

அக்கா என்பது அவளுடைய அக்கா தமயந்தி. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஐம்பது வயது. ஜனவரியில் மாமியார் இறந்ததும் வில்லிவாக்கத்திலிருந்து இரண்டு பெட்டிகளோடும் ஒரு கனமான பந்தோடும் முகப்பேரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய நிலைக்கு மருத்துவர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், அரசாங்கம் வேறொன்று, பக்கத்து வீட்டார் மூன்றாவதாக ஒன்றைத் தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள். அண்ணி தன்னைப் பற்றிச் சொல்வது: "எனக்கு எல்லாம் கொஞ்சம் லேட்டா புரியும். புரிஞ்சா விட மாட்டேன்."

ஜூன் 5, வெள்ளி

வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில் பௌலிங் கூடம்: நீண்ட மரப்பாதையில் பந்தை உருட்டி, கடைசியில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். காலை பத்து மணி. இருபது பேர், எல்லோரும் அண்ணியைப் போல ஏதோ ஒன்று மெதுவாகப் புரிகிறவர்கள். ஆனால் பந்தை மெதுவாக உருட்டுபவர் அண்ணி மட்டுமே.

முறை இதுதான்: அண்ணி கோட்டருகே வந்து, கால்களை அகட்டி, குனிந்து, பந்தை இரண்டு கைகளாலும் கால்களுக்கு நடுவிலிருந்து தள்ளுவார். "போய்ட்டு வா" என்பார். பந்து கிளம்பும். அது அந்தப் பக்கம் பத்துக் கட்டைகளிடம் போய்ச் சேர்வதற்குள் ஒரு காபி ஆற்றிக் குடித்துவிடலாம். பாதி வழியில் வலது பக்கமாக வளைந்து, ஓரத்தில் இருக்கும் பள்ளத்தில் விழும். அந்தப் பள்ளத்துக்கு இங்கே வேறு பெயர் சொல்கிறார்கள். எனக்கு அது சாக்கடை. பந்து சாக்கடையில் விழுந்தாலும் சரி, கட்டைகள் விழுந்தாலும் சரி, அண்ணி திரும்பி எல்லோருக்கும் கும்பிடு போடுவார். கைதட்டும் வரை நகர மாட்டார்.

பயிற்சியாளர் பெர்னடெட் மிஸ், ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சுகந்தி வரலையா?"

"கால் உடைஞ்சிருச்சு."

"ஐயோ பாவம்." அது சுகந்திக்கா, எனக்கா, அண்ணிக்கா என்று தெரியவில்லை.

அண்ணியின் மதிப்பெண்: 64. முழு மதிப்பெண் முந்நூறு.

ஜூன் 6, சனி

இடுப்பு வலி. நான் ஒரு பந்துகூடப் போடவில்லை. பார்த்ததற்கே.

ஜூன் 10, புதன்

கபூர் பாய் என்று ஒருவர். இருபத்திரண்டு வயது மகள் ரிஸ்வானாவோடு வருகிறார். ரிஸ்வானாவும் அண்ணியும் கைகோத்துக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போகிற அளவுக்குச் சிநேகம். நாங்கள் இருவரும் அப்படியல்ல.

"உங்க அண்ணி எவ்வளவு?"

"எழுபத்தொண்ணு."

"ரிஸ்வானா நூத்தி எட்டு." சொல்லிவிட்டுத் தாடியைத் தடவினார். ஜூலை பதினொன்றாம் தேதி இதே இடத்தில் மாநிலப் போட்டி. அவர் மகளுக்குத் தங்கம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். எனக்கு அதில் அக்கறை இல்லை. வீடு திரும்பும் வழியில் அண்ணியிடம், "கொஞ்சம் வேகமா தள்ளலாமே அண்ணி" என்று சொன்னேன். அக்கறையினால் அல்ல.

"வேகமா போனா பந்துக்குப் பயமா இருக்கும் மாப்ள."

ஜூன் 13, சனி

எழுதச் சொன்னார் மருத்துவர். எழுதுகிறேன்.

திருவள்ளூர் தாண்டி ஓர் இல்லம் இருக்கிறது. அண்ணியைப் போன்ற பெரியவர்கள் தங்கும் இடம். நல்ல பெயர் எடுத்தது, தோட்டம் உண்டு, செவிலியர் உண்டு. இன்று அதற்கான விண்ணப்பத்தை நிரப்பித் தபாலில் சேர்த்தேன். சுகந்தியிடம் இன்னும் சொல்லவில்லை. காலில் கட்டோடு இருப்பவளை எதற்கு அலட்ட வேண்டும்? அண்ணியிடமும் சொல்லவில்லை. அவருக்குத்தான் லேட்டாகப் புரியுமே.

இதில் தவறொன்றும் இல்லை. எங்களுக்கும் வயதாகிறது.

ஜூன் 17, புதன்

சாம்பாரில் நான் உப்புப் போட மறந்தேன். சுகந்தி கட்டிலிலிருந்து கண்டித்தாள். அண்ணி மட்டும் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டு, "மாப்ள, டாக்டர் சொன்னத கேக்குறாரு" என்று வாதாடினார்.

இன்று 73.

ஜூன் 23, செவ்வாய்

மழை. செவ்வாய்க்கிழமை பயிற்சியும் கிடையாது. போனோம்.

நானும் ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தேன். நான் இடது கைக்காரன், சாக்கடையோடு எனக்கு இயல்பான உறவு இருப்பது தெரியவந்தது. அண்ணி 70, நான் 52. என்னுடைய ஒவ்வொரு பந்துக்கும் எழுந்து நின்று கைதட்டினார். கும்பிடு போடச் சொன்னார். ஒருமுறை போட்டேன். யாரும் பார்க்கவில்லை.

ஜூலை 1, புதன்

சங்கடமான சம்பவம்.

பயிற்சி முடிந்து காரில் வந்துகொண்டிருந்தோம். என் போன் காரின் ஒலிபெருக்கியோடு இணைந்திருப்பது நினைவில் இல்லை. இல்லத்திலிருந்து அழைப்பு. ஒரு பெண்மணி கார் முழுக்கக் கேட்கும்படி பேசினார்: "சார், உங்க அண்ணி தமயந்திக்கு இங்க ஒரு இடம் காலியாயிருக்கு. இருபதாம் தேதிக்குள்ள சேத்துடலாம். ஒருதரம் கூட்டிட்டு வந்து காட்டுறீங்களா?"

"அப்புறம் பேசறேன்" என்று துண்டித்தேன். அண்ணி ஜன்னல் வழியே திருமங்கலம் மேம்பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. புரியவில்லை என்று நினைக்கிறேன். நல்லவேளை.

ஜூலை 3, வெள்ளி

காலை உணவின்போது அண்ணி: "அங்க காபி குடுப்பாங்களா?"

"எங்க?"

"சும்மா கேட்டேன்."

போட்டி நாளைப் பற்றிக் கேட்கிறார் போலும். குடுப்பாங்க என்றேன்.

ஜூலை 6, திங்கள்

அண்ணி தன் சேலைகளை எல்லாம் எடுத்துக் கட்டிலில் அடுக்கி, ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, திரும்ப அலமாரியில் வைத்தார். அந்துப்பூச்சிக்குப் பயமாம். சுகந்தி கேட்டதற்கு அப்படித்தான் சொன்னார்.

என் மனதில் வேறொரு விஷயம் ஓடுகிறது. அண்ணி எங்கள் வீட்டைவிட்டுப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. கழுத்தில் ஒரு தங்கப் பதக்கத்தோடு போனால் கௌரவமாக இருக்கும். அவருக்கு.

ஜூலை 8, புதன்

போட்டி விதிகளைப் பெர்னடெட் மிஸ் விளக்கினார். சனிக்கிழமை இரண்டு ஆட்டங்கள், அது குழு பிரிப்பதற்கு மட்டும். யார் எவ்வளவு எடுக்கிறார்களோ அதற்கேற்பச் சமமானவர்களை ஒரே குழுவில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் பதக்கத்துக்கான ஆட்டம். ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனித் தங்கம், வெள்ளி, வெண்கலம்.

இருபத்தெட்டு வருட அனுபவம் சும்மா இருக்குமா? ஓட்டை என் கண்ணில் உடனே பட்டுவிட்டது. சனிக்கிழமை நாற்பது எடுத்தால் நாற்பதுக்காரர்களோடு சேர்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எழுபது எடுத்தால் தங்கம்.

பொய்க் கோரிக்கைகள் எழுதியவர்களை எவ்வளவு கேவலமாகப் பார்த்தேன்! இவ்வளவு சுலபமாக வருகிறதே.

ஜூலை 10, வெள்ளி

காரில் வைத்துச் சொன்னேன்.

"அண்ணி, நாளைக்கு மட்டும் கொஞ்சம் கம்மியா விழட்டும்."

"ஏன்?"

"நாளைக்குக் கம்மின்னா, நாளான்னிக்குத் தங்கம்."

நெடுநேரம் யோசித்தார். "கம்மியா எப்படிப் போடுறது மாப்ள? எனக்குத் தெரியாதே."

"சாக்கடையப் பாத்துப் போடுங்க."

"எந்தச் சாக்கடை?"

"இடது பக்கம்." ஏன் இடது என்றேன் என்று தெரியாது. என் கைப்பழக்கம்.

ஜூலை 11, சனி

இன்று ரத்த அழுத்தம் ஏறியிருக்கும், உப்பினால் அல்ல.

அண்ணியின் முறை வந்தது. குனிந்தார். இடது சாக்கடையை நேராகப் பார்த்துக் குறி வைத்தார். "போய்ட்டு வா." பந்து ஆடி அசைந்து இடது ஓரமாகவே போனது. நான் திருப்தியோடு சாய்ந்து உட்கார்ந்தேன். பாதி வழியில் பந்து, வழக்கம்போல, வலது பக்கமாக வளைந்தது. வளைந்து, சாக்கடையின் விளிம்பைவிட்டு நகர்ந்து, பாதையின் நட்டநடுவுக்கு வந்து, பத்துக் கட்டைகளையும் சாய்த்தது.

அண்ணி கும்பிட்டார். கூட்டம் கத்தியது. நான் கத்தவில்லை.

அடுத்த பந்தும் இடது சாக்கடைக்குத்தான். எட்டுக் கட்டை. அதற்கடுத்தது ஒன்பது. ஐந்தாவது முறை அண்ணி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக் கையை விரித்தார்: நான் என்ன செய்ய என்று. இரண்டு ஆட்டங்கள்: 104, 112. வாழ்நாளில் அவர் நூறைத் தொட்டதில்லை.

நடுவர் வந்து அண்ணியின் கையைக் குலுக்கினார். "சூப்பர்மா! எப்படிப் பயிற்சி எடுத்தீங்க?"

அண்ணிக்கு மன்னிப்புக் கேட்கும் குரல். "மாப்ள சாக்கடையில போடச் சொன்னாரு சார். கம்மியா எடுத்தாத்தான் தங்கமாம். நானும் போட்டுப் போட்டுப் பாக்கறேன், விழவே மாட்டேங்குது."

நடுவர் என்னைப் பார்த்தார். கபூர் பாய் என்னைப் பார்த்தார். ரிஸ்வானாகூடப் பார்த்தாள். பெர்னடெட் மிஸ் பார்க்கவில்லை, நேராக நடந்து வந்தார்.

"சார், வெளிய வாங்க."

போனேன். ஐம்பத்து மூன்று வயதில் வகுப்புக்கு வெளியே நிற்பதன் சுகம்.

"வேணும்னே குறைச்சு ஆடினா தகுதி நீக்கம், தெரியுமா உங்களுக்கு? அவங்க உண்மைய சொன்னதாலயும், எடுத்த மார்க்காலயும் தப்பிச்சாங்க. நாளைலேருந்து நீங்க உள்ள காலடி வைக்கக் கூடாது." இரண்டடி நடந்து திரும்பி வந்தார். இன்னும் கோபம்தான். "நாலு வருஷமா 'இடது பக்கம் பாத்துப் போடு தமயந்தி'ன்னு கத்தறேன். கேக்கல. உங்க திருட்டுப் புத்தி சொன்னா மட்டும் கேக்குது!"

அண்ணியை மேல் குழுவில் போட்டுவிட்டார்கள். ரிஸ்வானாவும் அதே குழு. தங்கம் போச்சு.

ஜூலை 12, ஞாயிறு

தடை விதிக்கப்பட்டவன் எங்கே நிற்பான்? கண்ணாடிச் சுவருக்கு வெளியே, சோளப்பொரிக் கடைக்கும் செயற்கைப் பனைமரத்துக்கும் நடுவில். என் மூச்சு கண்ணாடியில் படிந்துகொண்டே இருந்தது. கைக்குட்டையால் துடைத்தால் காவலாளி, "சார், கைய வைக்காதீங்க, இப்பத்தான் தொடைச்சோம்" என்கிறார். நான்காவது சுற்றில் அவரும் வந்து பக்கத்தில் நின்றார்.

"உங்க வீட்டம்மாவா சார்?"

"வீட்டம்மாவோட அக்கா."

"செம கூலா ஆடறாங்க."

சத்தம் எதுவும் வெளியே வராது. அண்ணி குனிவதும், உதடு "போய்ட்டு வா" என்று அசைவதும், பந்து நிதானமாக இடது ஓரத்தில் கிளம்புவதும் தெரியும். ஒரு பந்து வளைய மறந்து நேராகச் சாக்கடையில் விழுந்தது. அண்ணி அதற்கும் கும்பிட்டார். பிறகு என்னைத் தேடினார். உள்ளே எல்லா நாற்காலிகளையும் பார்த்துவிட்டு, கண்ணாடிப் பக்கம் திரும்பி, என்னைக் கண்டுபிடித்து, எனக்குத் தனியாக ஒரு கும்பிடு போட்டார். நானும் காவலாளியும் கைதட்டினோம். அவர் சத்தமாக விசிலும் அடித்தார், பணி நேரத்தில்.

முடிவு: ரிஸ்வானா 139, தங்கம். அண்ணி 121, நான்காவது இடம். பதக்கம் இல்லை, ஒரு ரிப்பன். ரிஸ்வானாவுக்குப் பதக்கம் போட்டபோது ரிஸ்வானாவைவிட அதிகமாகக் குதித்தவர் அண்ணி. கபூர் பாய் வெளியே வந்து என் தோளில் கைபோட்டு, "நானும் அதையேதான் யோசிச்சேன் பாய். தைரியம் வரல" என்றார். இந்த ஊரில் இனி எனக்கு ஒரு நண்பர் உண்டு.

காரில் ஏறியதும் அண்ணி ரிப்பனை மடியில் வைத்து நீவிக்கொண்டே கேட்டார்:

"மாப்ள, அந்த வீட்ட பாக்கப் போலாமா?"

"எந்த வீடு?"

"கார் சொல்லுச்சே. எனக்கு இடம் இருக்குன்னு."

வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று.

"அன்னிக்கே ஏன் கேக்கல அண்ணி?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்."

ஜூலை 13, திங்கள்

சுகந்தியிடம் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "எங்கிட்ட கேக்கணும்னு தோணலையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு எனக்கான செய்திகள் எல்லாம் அண்ணி வழியாகவே வருகின்றன.

"மாப்ள, உங்கள காபி குடிக்கச் சொன்னா. உப்பு போட்டுக் குடிக்கச் சொன்னா."

ஜூலை 16, வியாழன்

சுகந்திக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. கைத்தடியோடு அவளும் வந்தாள். மூவருமாகத் திருவள்ளூர் தாண்டிப் போனோம்.

நிர்வாகி மரகதவல்லி அம்மா இல்லத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தார். அண்ணி முந்திக்கொண்டார். அவர் அந்த அம்மாவைப் பேட்டி எடுத்ததுபோல நான் என் வாழ்நாளில் எவரையும் எடுத்ததில்லை.

"காபி எத்தன தடவ?"

"ரெண்டு தடவம்மா."

"கதவ யாரு பூட்டுவாங்க?"

"உங்க ரூம் கதவ நீங்கதான்."

"டிவி ரிமோட்டு?"

"அது... சண்டைதான் போடுவாங்க."

"சரி" என்றார் அண்ணி. சண்டை அவருக்குப் பிடிக்கும்.

பின்கட்டில் ஒரு பேக்கரி. இல்லத்தில் இருப்பவர்களே பன் சுட்டுச் சுற்றுவட்டாரக் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். ஒருவர் அண்ணிக்குத் தலையுறை மாட்டிவிட்டு, ஒரு மாவு உருண்டையைக் கையில் கொடுத்தார். அண்ணி அதைப் பலகைமேல் வைத்து இரண்டு கைகளாலும் மெதுவாக உருட்டினார். பக்கத்தில் நின்றவர், "ரொம்ப அழகா உருட்டறீங்க" என்றார். அண்ணி கும்பிட்டார். மொத்தப் பேக்கரியும் கைதட்டியது.

வெளியே மரத்தடியில் தீர்ப்பு வழங்கப்பட்டது.

"திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் இங்க. சனி, ஞாயிறு முகப்பேர். பௌலிங்க சனிக்கெழமைக்கு மாத்தணும். மிஸ்கிட்ட நீங்க பேசுங்க மாப்ள."

சுகந்தி அழுதாள். "அக்கா, நீ போக வேணாம். இவரு சொன்னாருன்னு போகாத."

"இவரு சொல்லலயே. கார்தான் சொல்லுச்சு." பிறகு தங்கையின் கைத்தடியை நேராகப் பிடித்துக் கொடுத்தபடி சொன்னார்: "அம்மா வீட்ல எல்லாம் அம்மா செஞ்சாங்க. உன் வீட்ல எல்லாம் மாப்ள செய்றாரு. இங்க பன்னு நான் செய்யணுமாம்."

இன்னும் ஒரு மாதம் யோசிக்கலாமே என்று ஒரு குரல் எழுந்தது. என் குரல். விண்ணப்பம் நிரப்பிய அதே ஆள். சுகந்தி என்னை விசித்திரமாகப் பார்த்தாள். மூன்று நாட்களுக்குப் பிறகு நேரடியாக என்னிடம் பேசினாள்: "என்ன, இப்பப் பயமா இருக்கா?"

காற்றில் மாவு பறந்ததால் எனக்குத் தும்மல் வந்தது.

ஜூலை 20, திங்கள்

கொண்டுபோய் விட்டு வந்தோம். பந்தைத் தன்னோடு எடுத்துக்கொள்ளவில்லை. "அது உங்ககிட்ட இருக்கட்டும்" என்றார். கையசைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பேக்கரிக்குள் போய்விட்டார்.

ஜூலை 21, செவ்வாய்

வீடு அமைதியாக இருக்கிறது. இதைத்தானே கேட்டேன்.

ஜூலை 22, புதன்

வழி தவறி வணிக வளாகத்துக்குப் போய்விட்டேன். பெர்னடெட் மிஸ், "தமயந்தி எங்க?" என்றார். சொன்னேன். சனிக்கிழமைக்கு மாற்றம் கேட்டேன். அவர் கையிலிருந்த பட்டியலைப் புரட்டிப் பார்த்தார்.

"சனிக்கிழமை ஒரு குழு இருக்கு. ஆனா ஆள் பத்தல. ஆடறவங்களுக்கு அளவு பாத்து ஷூ எடுத்துக் குடுக்கற கவுண்டர்ல நிக்க யாருமில்ல. நீங்க வர்றீங்களா?"

"எனக்குத் தடை இருக்கே மிஸ்."

"ஆடறவங்ககிட்ட பேசத்தான் தடை. ஷூகிட்ட பேசலாம்."

ஜூலை 25, சனி

பதினெட்டு ஜோடி ஷூ. ஒவ்வொன்றுக்குள்ளும் வாசனைத் திரவம் அடித்து, கயிறு சரிபார்த்து, எண் வாரியாக அடுக்க வேண்டும். இருபத்தெட்டு வருட உத்தியோகத்தில் இத்தனை நேர்மையான நாற்றத்தை நான் சந்தித்ததில்லை.

பத்து மணிக்கு இல்லத்து வேன் வந்தது. அண்ணி முதலில் இறங்கினார். கன்னத்தில் மாவு. கையில் ஒரு காகிதப் பை, அதில் மூன்று பன்கள், ஒன்று தீய்ந்தது. "தீஞ்சது உங்களுக்கு மாப்ள. அதான் நான் சுட்டது. மத்தது ரெண்டும் வேறவங்க."

அவர் பின்னால் முப்பது வயதுப் பெண் ஒருத்தி கதவோரம் தயங்கி நின்றாள். அண்ணி அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து கவுண்டர் முன் நிறுத்தினார்.

"இவ பூங்கோதை. என் ரூம்ல இருக்கா. பந்து போடணுமாம்." பிறகு அவளிடம் திரும்பி, என்னைக் கைகாட்டி, ஒளிவுமறைவு இல்லாமல் அறிமுகம் செய்துவைத்தார்: "இவரு எங்க மாப்ள. ஏமாத்துவாரு. ஆனா கரெக்டா பத்து மணிக்கு வந்துடுவாரு."

பூங்கோதை என்னை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். அவளுக்கும் எல்லாம் கொஞ்சம் லேட்டாகத்தான் புரியும்போல. அவசரப்படுத்தாமல் நின்றேன்.

"ஏழாம் நம்பர்" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன்.